கெட்டி ஆயில் நல்ல ஆயிலா?

இன்ஜின் ஆயில் வாங்குகிறவர்கள் தரம் என்று பெரும்பாலும் எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்தால், அது கெட்டித்தன்மையாகத்தான் இருக்கும். விரலில் தொட்டு, தண்ணீர்போல் ஓடினால் மட்டம். பிசுபிசுவென்று ஒட்டினால் உசத்தி. அதற்கு அடுத்து விலையும் கம்பெனிப் பெயரும் பேசும். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் படிக்கிறவர்கள் குறைவு. ஆனால் அந்த ஆயிலைப் பற்றிச் சோதனைச்சாலையில் அளந்து சரிபார்க்கக்கூடிய செய்தி அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு குறியீட்டுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வகை இன்ஜின் பழுதான கதை உண்டு. அந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தால், எல்லா வண்டிக்கும் பொதுவான 'நல்ல ஆயில்' என்று ஒன்று இருக்க முடியாது என்பது விளங்கும். ஓர் இன்ஜினைக் காப்பாற்றுகிற அதே பொருள் இன்னொன்றைக் கெடுக்கும்.

முதலில் எண்கள். 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பவை ஆயிலின் பாகுநிலையை, அதாவது கெட்டித்தன்மையை, மட்டுமே சொல்கின்றன. தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911இல் ஆயில்களை வகைப்படுத்தத் தொடங்கியது. இன்று ஜே300 என்ற அதன் தரநிலையை உலகமே பின்பற்றுகிறது. பின்னால் வரும் எண், இன்ஜின் சூடேறி ஓடும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். 100 டிகிரி செல்சியஸில் ஓர் ஆயிலின் பாகுநிலை 12.5 சென்டிஸ்டோக்ஸிலிருந்து 16.3க்குள் இருந்தால் அது 40, 9.3இலிருந்து 12.5க்குள் இருந்தால் 30. முன்னால் வரும் எண்ணும் டபிள்யூ எழுத்தும் குளிரில் இன்ஜினைக் கிளப்பும் நேரத்துக்கானவை. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். அந்த எண் டிகிரியும் அல்ல, எந்த அலகும் அல்ல. ஒரு வகுப்பின் பெயர், அவ்வளவுதான்.

சென்னையிலும் மதுரையிலும் மைனஸ் குளிர் எங்கே இருக்கிறது, நமக்கு இந்த டபிள்யூ எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். இதற்கு விடை 40 டிகிரி அளவீட்டில் கிடைக்கிறது. பொதுவான ஒரு 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக்ஸ் கெட்டியாக இருக்கும். 10டபிள்யூ-30 அதே சூட்டில் 70 அளவில் இருக்கும். நம் ஊர்க் காலை நேரத்தில் இரவெல்லாம் நின்ற இன்ஜினுக்குள் ஆயிலின் சூடு 40 டிகிரிக்கும் கீழேதான். அதாவது பனியே காணாத ஊரிலும், இன்ஜினைக் கிளப்பும் கணத்தில் ஆயில் தான் வேலை செய்ய வேண்டிய சூட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கிறது. கீழே தேங்கிய ஆயில் மேலே கேம் ஷாஃப்ட் வரை ஏறிச் சேரும்வரை அங்கே உலோகத்தோடு உலோகம் உரசும். கெட்டி மிகுந்தால் பம்பின் அழுத்தம் கூடி, அதைத் தணிக்கும் வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். கேஜ் முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து ஆயில் நன்றாக ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வோம். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

விரலால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஏன் உதவாது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. பேரிங்கின் இடுக்கில் ஆயில் படும் பாட்டை அளக்க ஒரு தனிச் சோதனை இருக்கிறது. ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, மிக ஒடுங்கிய இடைவெளியில் மிக வேகமாக அரைத்து, அந்த நிலையில் பாகுநிலை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். 30 வகைக்குக் குறைந்தது 2.9 சென்டிபாய்ஸ் மிஞ்ச வேண்டும், 15டபிள்யூ-40க்கு 3.7. 35 டிகிரியில் இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கிற எவருக்கும் இதைச் சொல்ல வாய்ப்பே இல்லை. சேர்த்த பாலிமர்களால் கெட்டியாகத் தெரிகிற மலிவான ஆயில் அந்த இடுக்கில் சுருண்டுபோகலாம். மெல்லியதாகத் தெரிகிற நல்ல ஆயில் தாக்குப்பிடிக்கலாம். ஆயில் சீக்கிரம் கறுத்தால் மட்டம் என்ற நம்பிக்கையும் இந்த வகைதான். கரியைத் தன்னுள் மிதக்கவிட்டு ஏந்திக்கொள்ளும் ஆயில் கறுக்கத்தான் செய்யும், டீசல் இன்ஜினில் இன்னும் வேகமாக.

மெல்லிய ஆயிலைச் சந்தேகிப்பவர்களிடம் வலுவான ஒரு வாதமும் இருக்கிறது. கார் கம்பெனிகள் மெல்லிய ஆயிலுக்குப் போனது இன்ஜினின் நலனுக்காக மட்டும் அல்ல, மைலேஜ் சட்டங்களுக்காகவும்தான் என்பார்கள். இது உண்மை. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஃபோர்டும் ஹோண்டாவும் அமெரிக்காவில் 5டபிள்யூ-20க்கு மாறியதில் அந்நாட்டு எரிபொருள் சிக்கன விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே இன்ஜினுக்கு ஒரு நாட்டில் மெல்லிய ஆயிலும் இன்னொரு நாட்டில் அதைவிடக் கெட்டியான ஆயிலும் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இதிலிருந்து கெட்டி ஆயிலே பாதுகாப்பு என்ற முடிவுக்குத் தாவிவிட முடியாது. புதிய இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும், டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதும் ஆயிலின் அழுத்தத்தாலேயே நடக்கின்றன. நுண்ணிய துளைகள் வழியே குறித்த நேரத்துக்குள் ஆயில் பாயும் என்று கணக்குப் போட்டுத்தான் அவற்றை வடிவமைக்கிறார்கள். கெட்டி ஆயில் அந்தக் கணக்கைக் கெடுக்கும். கையேட்டில் இரண்டு மூன்று வகைகளுக்கு இடம் தந்திருந்தால், நிறைய பாரம் ஏற்றி வெயிலில் ஓடும் வண்டிக்கு அவற்றில் கெட்டியானதைத் தேர்ந்தெடுப்பது சரியே. கையேட்டைத் தாண்டிப் போவதற்குத்தான் காரணம் வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கெட்டி ஆயிலைச் சொல்வதை அறியாமை என்று தள்ளவும் கூடாது. கார்புரேட்டர் காலத்து இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று கம்பெனியே கேட்டது; அந்த இன்ஜின்களில் படித்த பாடம் அவற்றுக்குச் சரியானது. தேய்ந்து ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினில் ஒரு படி கெட்டியானது ஊற்றினால் புகை குறைவதும் கண்கூடு. புதிய இன்ஜின்கள் வந்த பிறகும் அதே பாடத்தைத் தொடர்வதில்தான் சிக்கல்.

இனி எழுத்துகள். தரம் என்று நாம் தேடுவது இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ 1947இல் ஆயில்களைச் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு என்று வெறும் மூன்றாகப் பிரித்தது. பின்னர் இரண்டெழுத்து முறை வந்தது. முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்றால் டீசலுக்கு. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் நகர நகர ஆயில் புதியது. எஸ்ஜே 1990களின் நடுவில் வந்தது, எஸ்எல் 2001இல், எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல், எஸ்க்யூ 2025இல். ஓர் எழுத்தைப் பெற ஆயிலை உண்மையான இன்ஜின்களில் ஊற்றி மணிக்கணக்கில் ஓட்டி, பிரித்து, தேய்மானத்தையும் கசடையும் அளக்கிறார்கள். வரிசையின் தொடக்கத்திலுள்ள எஸ்ஏ என்பதில் சேர்மானமே கிடையாது. 1930க்குப் பின் செய்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு அது ஆகாது என்று ஏபிஐயே எச்சரிக்கிறது. எஸ்எஃப் என்பது 1988க்குப் பிந்தைய இன்ஜின்களுக்குப் போதாது. இவையெல்லாம் அருங்காட்சியகச் செய்திகள் அல்ல. அமெரிக்காவில் ஒரு பெரிய மலிவுவிலைக் கடைத் தொடர், காலாவதியான இத்தகைய வகைகளைப் புதிய ஆயில்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கி விற்றதாக வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் அது சமரசத் தொகையோடு முடிந்தது. அந்த டப்பாக்களின் பின்பக்கத்தில் எச்சரிக்கை அச்சிட்டுத்தான் இருந்தது. படித்தவர்கள்தான் இல்லை.

அப்படியானால் கடைசி எழுத்துள்ள ஆயிலையே எப்போதும் வாங்கிவிடலாமே என்று தோன்றும். கார் வரைக்கும் அது பெரும்பாலும் பிழையாகாது. புதிய எஸ் வகை பழையதன் இடத்தை நிரப்பும் என்றுதான் ஏபிஐயும் சொல்கிறது. ஆனால் அந்தப் புதிய எழுத்து ஏன் வந்தது என்று தெரிந்தால், 'புதிது' என்பதும் 'எல்லாவற்றுக்கும் மேல்' என்பதும் ஒன்றல்ல என்பது தெளிவாகும். எஸ்பியின் கதையை எடுத்துக்கொள்வோம். மைலேஜுக்காகச் சின்ன இன்ஜினில் டர்போவைப் பொருத்தி, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சத் தொடங்கியபோது விசித்திரமான ஒரு பழுது தலைகாட்டியது. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, பிளக் தீப்பொறி விடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் எரிதல் தொடங்கிவிட்டது. பிஸ்டனின் ஓரத்தில் தங்கிய ஆயில் துளிகள் பெட்ரோலோடு கலந்து தாமே பற்றின. அந்த அழுத்தத்தில் பிஸ்டன்கள் உடைந்தன. ஆராய்ந்தபோது, இன்ஜினைச் சுத்தமாக வைத்திருக்க நெடுங்காலமாகச் சேர்த்துவந்த கால்சியம் சோப்புகளே அந்தப் பற்றுதலைத் தூண்டுகின்றன என்று தெரிந்தது. பல தலைமுறை இன்ஜின்களைக் கசடிலிருந்து காத்த பொருள் இந்தப் புதிய இன்ஜினுக்கு ஆபத்தாகிவிட்டது. கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டினார்கள். 2018இல் எஸ்என் பிளஸ் என்ற இடைக்கால வகையும், பிறகு எஸ்பியும் பிறந்தன. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் பழைய எஸ்என் ஆயிலை விலை குறைவு என்று வாங்குவது அதனால்தான் ஆபத்து. டர்போ இல்லாத பழைய காருக்கு அதே எஸ்என் ஒரு தீங்கும் செய்யாது.

இந்த முரண் மிகத் துலக்கமாகத் தெரிவது பாஸ்பரஸ் விஷயத்தில். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் பல பத்தாண்டுகளாக ஆயிலின் முக்கியமான தேய்மானத் தடுப்பு. உலோகப் பரப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஆயில் விலகிப்போன கணத்திலும் உரசலைத் தாங்கும். ஆனால் சிறிதளவு ஆயில் எரிந்து புகையோடு போகும்போது, அந்தப் பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பரப்பில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். ஆகவே கார் ஆயில்களில் அதற்கு உச்சவரம்பு வைத்து, படிப்படியாக இறக்கி, மெல்லிய வகைகளில் 0.08 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். இப்போது பைக் ஆயில்களுக்கான ஜப்பானியத் தரநிலையைத் திறந்து பார்த்தால், பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 0.12ஐத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. காருக்கு உச்சவரம்பாக இருக்கும் அதே எண் பைக்குக்கு அடிவரம்பு! இரண்டு தரநிலைகளில் எதுவும் தவறில்லை. வேலை வேறு, அதனால் அளவும் வேறு.

அந்த ஜப்பானியத் தரநிலையின் பெயர் ஜாசோ. தமிழ்நாட்டின் பெரும்பான்மை வண்டிகள் இரு சக்கர வண்டிகள் என்பதால், நம் வாசகர்கள் ஒரே ஒரு குறியீட்டை நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு வேறொன்று. கிளட்ச் உலர்ந்தே இருக்கும். கியர் வைத்த பைக்குகளில் பெரும்பாலானவற்றில் மூன்றும் ஒரே ஆயிலில் முழுகிக் கிடக்கின்றன. பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும். கிளட்ச் தட்டுகளுக்கு வழுக்கவே கூடாது. 1990களில் கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டினார்கள். அந்த ஆயில் பைக்கில் போனபோது கிளட்ச் ஸ்லிப் ஆனது: ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அமெரிக்கத் தரநிலையில் இதைத் தடுக்க வழியில்லை. பைக் செய்யும் நாடான ஜப்பான் 1998இல் தனித் தரநிலை கொண்டுவந்தது. உண்மையான கிளட்ச் தட்டுகளை ஆயிலில் சுழலவிட்டு, பிடிப்பு எவ்வளவு, நிற்க எடுக்கும் நேரம் எவ்வளவு என்று அளந்து, பிடிப்புள்ள ஆயிலுக்கு எம்ஏ என்றும், வழுக்கும் ஆயிலுக்கு எம்பி என்றும் பெயரிட்டார்கள். பின்னர் எம்ஏ என்பதற்குள்ளேயே பிடிப்பு குறைந்ததை எம்ஏ1 என்றும் மிகுந்ததை எம்ஏ2 என்றும் பிரித்தார்கள்.

ஆகவே கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருந்தே ஆக வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் முழுகுவதில்லை. அதற்கு எம்பி பொருந்தும், மைலேஜும் சற்றுக் கூடும். ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் பெரிய கேடு வராது. பைக்கில் எம்பி ஊற்றினால் கிளட்சுக்குக் கேடு. வீட்டில் காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயிலில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் டாப் அப் செய்கிறவர்கள் உண்டு. காருக்கு அது எவ்வளவு உயர்ந்த ஆயிலோ, அந்த அளவுக்கு அதில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருக்கும். இன்னொன்றும் உண்டு. கியர் பற்களின் நடுவே நசுங்கும் ஆயிலில் அதைக் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர் இழைகள் துண்டாகின்றன. 40 வகையாக ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 போல இளகிவிடலாம். ஜாசோ அதையும் சோதிக்கிறது.

டீசல் வண்டிகளில் பிரச்சினை வேறு. 2020 ஏப்ரலில் இந்தியா பிஎஸ்-6 புகை விதிகளுக்கு மாறியபோது, டீசலில் கந்தகம் 50 பிபிஎம் என்பதிலிருந்து 10க்கு இறங்கியது. டீசல் கார்கள், லாரிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி ஏறியது. வடிகட்டியில் சேரும் கரியைச் சூடேற்றி எரித்துவிடலாம். ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் விடும் சாம்பல் எரியாது. தங்கித் தங்கி வடிகட்டியை அடைக்கும். அமில முறிப்புக்காக அந்த உலோகங்களை நிறையச் சேர்த்த ஆயில்தான் கந்தகம் மிகுந்த பழைய டீசல் காலத்தில் சிறந்தது. இன்று அதே ஆயில் வடிகட்டிக்குப் பகை. எனவே சாம்பலுக்கு வரம்பு வந்தது. ஏபிஐ சிகே-4 ஒரு சதவீதத்துக்கு மேல் விடாது. ஐரோப்பியத் தரநிலையான ஏசியாவின் சி3 வகையில் வரம்பு 0.8 சதவீதம். 2016 இறுதியில் சிகே-4 வந்தபோதே எஃப்ஏ-4 என்ற மெல்லிய டீசல் ஆயிலும் வந்தது. ஒரே நாளில் பிறந்தவை என்றாலும், எஃப்ஏ-4ஐப் பழைய டீசல் இன்ஜின்களில் ஊற்றக் கூடாது.

சிந்தெடிக் என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் மதிப்பையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல், சேர்மானங்கள் கலப்பதற்கு முந்தைய பேஸ் ஆயில்தான். ஏபிஐ அதை ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறது. நான்காம் குழு வேதிமுறையில் கட்டி எழுப்பியது. முதலில் சிந்தெடிக் என்றால் அதுவே. மூன்றாம் குழு கச்சா எண்ணெயைக் கடுமையாக ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரித்தது. காஸ்ட்ரால் இதைச் சிந்தெடிக் என்று விற்றபோது மொபில் எதிர்த்தது. 1999இல் அமெரிக்க விளம்பரத் தகராறு அமைப்பு காஸ்ட்ராலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அந்தச் சொல் பல நாடுகளில் விற்பனைச் சொல்லாகிவிட்டது. மூன்றாம் குழு ஆயில் மட்டம் என்று சொல்லவில்லை. அது மிக நன்றாகவே உழைக்கிறது. ஆனால் முன்பக்கத்தில் தங்க எழுத்தில் மின்னும் அந்தச் சொல், பின்பக்கத்தில் எம்ஏ2 இருக்கிறதா, எஸ்பி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலாகாது. சரியான குறியுள்ள சாதாரண ஆயில், தவறான குறியுள்ள சிந்தெடிக்கைவிட உங்கள் வண்டிக்கு மேல்.

இந்தத் தரநிலைகளை எழுதுவதே ஆயில் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும்தானே, புதுப்புது எழுத்து சொல்லி விற்பதற்கான ஏற்பாடுதானே என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. எழுதும் மேசையில் அவர்கள் உட்கார்ந்திருப்பது உண்மை. ஆனால் இரு தரப்பின் நலனும் ஒன்றல்ல. வாரண்டி காலத்தில் இன்ஜின் உடைந்தால் செலவு கார் கம்பெனியுடையது. அதனால் அது கடுமையான சோதனை கேட்கிறது. ஆயில் கம்பெனிக்குச் சோதனைச் செலவு கூடுகிறது. அதனால் தளர்த்தப் பார்க்கிறது. அந்த இழுபறியில் வெளிவரும் எண்கள் எவரும் அளந்து பார்க்கக்கூடியவை. விளம்பர வாசகத்தை அப்படி அளக்க முடியாது. இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 13656ம் இதே வழியில்தான் ஆயில்களை வகுக்கிறது.

எழுத்து அச்சிட்டிருப்பதாலேயே அது மெய்யாகிவிடுமா என்பதுதான் இதில் எனக்கு மிகவும் கவலை தருவது. 'ஏபிஐ எஸ்என் தரத்தை எட்டுகிறது' என்று எந்தக் கம்பெனியும் எழுதிக்கொள்ளலாம்; அது அந்தக் கம்பெனியின் சொந்த வாக்கு. ஏபிஐயிடம் உரிமம் பெற்றவர்கள் மட்டும் வட்ட முத்திரையை அச்சிடலாம். மேல் வளைவில் தர எழுத்தும், நடுவில் பாகுநிலை எண்ணும் இருக்கும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஏபிஐயின் தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதுபோல, ஒரு கார் கம்பெனியின் 'அங்கீகாரம் பெற்றது' என்பதும், 'அந்தக் காருக்குப் பரிந்துரைக்கிறோம்' என்பதும் வேறு வேறு. முதலாவதைக் கார் கம்பெனி சோதித்திருக்கிறது. இரண்டாவது ஆயில் கம்பெனியின் கருத்து. போலி ஆயில் முத்திரை, அங்கீகாரம் இரண்டையும் சேர்த்தே பயனற்றதாக்கும், ஏனென்றால் அதன் டப்பா உண்மையானது, உள்ளே இருப்பதுதான் வேறு. ஒர்க்‌ஷாப்பில் நம் கண் முன்னே சீல் உடைத்து ஊற்றச் சொல்வதும், பில் வாங்கி டப்பாவின் பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொள்வதும், காலி டப்பாவை அங்கேயே விட்டு வராமல் கத்தியால் கீறி ஓட்டை போட்டுப் பழைய பிளாஸ்டிக்கில் சேர்ப்பதும், மூடியையும் முத்திரைத் தாளையும் தனியே கிழித்துப் போடுவதும் இதற்குத்தான்.